மகிழூர் மகானின் சமாதியைத் தேடி

மறைந்துபோன வாக்கேயகாரர்களைப் பற்றிச் சென்னையில் ஒரு சங்கீத சபையில் ஒன்றேகால் மணி நேரம் பேசி முடித்தேன். போர்த்திய சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு நான் உட்காரப் போகும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சிதம்பர தரிசனத்துக்கு வந்த மட்டக்களப்பு ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டார்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். நீங்க விளக்கின பாட்டுல படுவான்கரை எண்டு வருதே, அது துன்பப்படுவான் கரை இல்ல. சூரியன் படுற பக்கத்துக் கரை. எங்கட வாவிக்கு மேற்குக் கரையை அப்பிடித்தான் சொல்லுற. மகிழூரும் முத்தி உலகம் இல்ல. களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்துல கிடக்கிற ஊர்."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு சொற்களுக்கும் நான் சொன்ன தத்துவார்த்தம் மட்டும் முக்கால் மணி நேரம் பிடித்திருந்தது. சிரித்தால் தாங்களும் அவ்வளவு நேரம் ஏமாந்ததாக ஆகிவிடும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

என் தொழில் அச்சகத்தில் பிழை திருத்துவது. பிறர் பிழையைத் திருத்தியே வயிறு வளர்ப்பதால், பிழை இல்லாத இடத்திலும் கை சும்மா இருப்பதில்லை. கும்பகோணத்தில், காலமான ஓர் ஆர்மோனியக்காரர் வீட்டில் பழைய காகிதங்களை அள்ளிப் போட்டபோது ஒரு நோட்டுப் புத்தகம் என் கையில் கிடைத்தது. உள்ளே ஸ்வரக் குறிப்போடு பதினொரு கீர்த்தனங்கள். எழுதியவர் பெயர் இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் முத்திரையாக 'மகிழூர்' என்ற சொல். நூறு வருஷத்துக்கு முன்பு வாழ்ந்த ஒரு துறவியின் பாடல்கள் இவை என்று முடிவு செய்தேன். ஆதாரம்? எனக்கு அப்படித் தோன்றியது. தேவையான திருத்தங்களுடன் அச்சிட்டேன். அதற்குத்தான் சால்வை.

மட்டக்களப்பு ஆசிரியர் உட்கார்ந்ததும் சபைக் காரியதரிசி எழுந்து நிலைமையைக் காப்பாற்றினார். "மகானின் ஊரே தெரிந்துவிட்டது! நம் நண்பர் நேரில் போய் சமாதியைத் தரிசித்து, அங்கிருந்து பிடிமண் கொண்டு வருவார். மாசி மாதம் ஆராதனை நடத்துவோம்!" கைதட்டல் எழுந்தது. மண் கொண்டு வர ஒரு வெள்ளிச் செப்பும் வந்து சேர்ந்தது.

இப்படித்தான், கும்பகோணம், திருச்சிராப்பள்ளி, சென்னை தவிர வேறு திசை அறியாத நான், கார்த்திகை மாத மழையில் கடல் தாண்டினேன். கப்பலில் எனக்கு வந்த வாந்தியைப் பற்றி எழுதப் போவதில்லை. இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி ஒருவர் செப்பைத் திறந்து பார்த்து, "உள்ளே ஒன்றும் இல்லையே?" என்று இங்கிலீஷில் கேட்டார். "திரும்பும்போது மண் இருக்கும்" என்றேன். அவர் சற்று விலகி நின்றுகொண்டார்.

மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கினால் எந்தத் தெருவும் தண்ணீரில் போய் முடிகிறது. நான் தங்கிய விடுதிக்காரர் காப்பிக்குப் பதிலாகப் பால் இல்லாத தேயிலைச் சாயத் தண்ணீரும் அதோடு கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுத்துவிட்டு, "மீன் பாடுறது கேக்க வந்தீங்களோ?" என்றார். ஊரைச் சுற்றிக் கிடக்கும் இந்த வாவியில் மீன் பாடும் என்பது உலகப் பிரசித்தமாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மீன் பாடுவதைக் கேட்க வரவில்லை. மகான் பாடியதைத் தேடி வந்தேன்" என்றேன். "எந்த மகான்?" என்றார். பெயர் தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. "மீனுக்கும் பேர் தெரியாதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. களுவாஞ்சிக்குடி பஸ் காத்தான்குடியில் நின்றது. சாரதி இறங்கிக் கால் கை கழுவிக்கொண்டு ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். பாதிப் பிரயாணிகளும் அவர் பின்னால் போனார்கள். எங்கள் ஊரில் டிரைவர் காணாமற்போனால் காப்பிக் கிளப்பில் தேட வேண்டும். இங்கே எங்கே இருக்கிறார் என்பதாவது தெரிகிறது. தொழுகை முடிந்து வந்த துணி வியாபாரி ஒருவர், இங்கே சாரன் என்று சொல்லும் கைலி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மகிழூருக்கா போறீங்க? அங்க எருமையும் வெள்ளமும்தான் இரிக்கி."

அங்கே பாட்டுக் கட்டிய பெரியவர் யாராவது உண்டா என்று கேட்டேன்.

"பெரியவர் இல்ல. பாட்டுக் கட்டுற ஒரு பொம்புள இரிக்கா. வள்ளியக்கா. நான் அவக்குச் சீலை விக்கப் போறது. நான் விலை சொன்னா மறுமொழி சொல்லமாட்டா, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இரிப்பா. கடைசியில நானே விலையக் குறைச்சிருவன்."

நாட்டுப்புறப் பெண்கள் தாலாட்டுப் பாடுவதும் ஆனந்தபைரவியில் கீர்த்தனம் செய்வதும் ஒன்றல்ல என்று அவருக்கு விளக்கினேன். களுவாஞ்சிக்குடி வரும் வரை விளக்கினேன். அவர் கடைசிப் பாதி வழியில் தூங்கிவிட்டார்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மாட்டு வண்டி. இரண்டு பக்கமும் வட்டை. வயல்வெளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நெல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. தஞ்சாவூர்க்காரனுக்கு வயலைப் பற்றி இவர்கள் என்ன சொல்லித்தர முடியும் என்ற நினைப்பில் "வரப்பு அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் ஓட்டு" என்று வண்டிக்காரருக்கு வழி சொன்னேன். மரியாதைக்காக அவர் கேட்டார். வண்டி சாய்ந்தது. இடுப்பளவுச் சேற்றிலிருந்து நான் எழுந்தபோது, செப்பை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அந்தக் கோலத்தில்தான் மகிழூருக்குள் நுழைந்தேன். ஒரு வளவின், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தின், வேலியோரத்தில் ஐம்பது வயதுள்ள, உயரமான ஒரு பெண்மணி, எதிர்வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய எருமை இவருடைய வேலியை முறித்து உள்ளே வந்து நாற்றை மேய்ந்துவிட்டதாம். நான் குறுக்கே போய், "அம்மா, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரு மகானின் சமாதி இருக்கிறதே, அது எங்கே?" என்றேன்.

"எந்த மகான்?"

"இந்த ஊரின் பெயரை முத்திரையாக வைத்துப் பாடியவர்." சேறு படாத கையால், தோள்பையிலிருந்து நான் அச்சிட்ட புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

அவர் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் புரட்டினார். முதற் பாட்டு, இரண்டாம் பாட்டு. அப்புறம் அட்டை. மறுபடியும் உள்ளே. எதிர்வீட்டுக்காரர் நல்ல சமயம் என்று எருமையை ஓட்டிக்கொண்டு நழுவினார்.

"பதினொண்டும் என்ட பாட்டு" என்றார் வள்ளிப்பிள்ளை. துணி வியாபாரி சொன்ன வள்ளியக்கா அவர்தான். "என்ட பேர் எங்க தம்பி?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, நான் சொன்னது: "நான் சமாதியிலிருந்து மண் எடுத்துப் போக வந்தேன்."

"மண் வேணுமெண்டா வளவுல கிடக்கு. அள்ளுங்க. முதல்ல காலைக் கழுவுங்க."

வீட்டுக்குள்ளிருந்து வந்தவர் அவருடைய கணவர் வேலாப்போடி. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். அது தெரியாமல், "இரண்டு நாள் தங்க உங்கள் அனுமதி வேண்டும்" என்று அவரிடம் கேட்டேன். "வீடு அவவுட. நானும் அவவிட்டக் கேட்டுத்தான் இருக்கன்" என்றார் அவர். வெள்ளிச் செப்பை அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, இடித்த பாக்கை அதில் போட்டுப் பார்த்தார். சரியான அளவு. நான் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மாலை விஷயம் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு முன்பு ஒரு நாடகக் கம்பெனி மட்டக்களப்புக்கு வந்தது. அதன் ஆர்மோனியக்காரர் காய்ச்சலில் விழுந்தார். கம்பெனி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. வேலாப்போடி அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஆறு மாதம் இருந்தார். வள்ளிப்பிள்ளை அப்போதே பாட்டுக் கட்டுவார். ராகங்களை எல்லாம் கோயிலில் நாகஸ்வரம் கேட்டே பிடித்திருந்தார். அந்த மனிதர் அவற்றுக்குப் பெயர் சொன்னார், தாளத்தைப் பிரித்துக் காட்டினார், ஸ்வரம் எழுதினார். அச்சடித்து அனுப்புகிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார். கடிதம் வரவில்லை. நோட்டு எனக்கு எங்கே கிடைத்தது என்பதைச் சொன்னேன்.

"மோசம் போயிட்டன் எண்டு நினைச்சன்" என்றார் வள்ளிப்பிள்ளை. "செத்துப்போனாரா? பாவம்."

மீன் தின்னாத விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்று அந்த வீட்டில் ஒரு பெரிய ஆலோசனை நடந்தது. கடைசியில் சோறும் பலாக்கொட்டைக் கறியும் எருமைத் தயிரும் வந்தன. தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழாது. எங்கள் ஊர்த் தயிரைச் சட்டியைச் சாய்த்தாலே குடித்துவிடலாம். அதை மோர் என்று சொல்லாமல் இருப்பது ஒரு பழக்கம்.

மூன்றாம் நாள் மழை நிற்கவே இல்லை. ரோட்டை வெள்ளம் அறுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வள்ளிப்பிள்ளை விதைநெல்லில் பதர் பொறுக்கிக்கொண்டே, "பாடுங்க தம்பி, அச்சடிச்சது எப்பிடி இருக்கெண்டு கேப்பம்" என்றார்.

சென்னையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்ட பாட்டையே எடுத்தேன். ஆனந்தபைரவி, ரூபக தாளம்.

"படுவான்கரைப் படகே வா – மகிழூர்ப்
பக்கம் திரும்பி வா."

சரணத்துக்கு வந்தேன். "கூப்பிட்டேன் பரமானந்தமே" என்று உருகினேன்.

அவர் கை நின்றது. "அது என்ன பரமானந்தம்? நான் அப்பிடி ஒண்டும் வைக்கல்லையே."

நோட்டில் 'கூப்பிட்டேன்' என்ற சொல்லுக்குப் பின் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வெறும் கோடாக இருந்தது. எழுதியவருக்குச் சொல் மறந்துபோயிருக்கும் என்று நானே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பியிருந்தேன். அதை மிகவும் பணிவாகத்தான் சொன்னேன்.

"மறக்கல்ல. அங்க பாட்டு இல்ல. கூப்பிட்டா மறுமொழிக்கு நிக்கத்தானே வேணும்? நீங்க கூப்பிட்டுப்போட்டு நிக்காமலே போறீங்க."

சபையில் அதிகமாகச் சிலாகிக்கப்பட்டது அந்தப் பரமானந்தந்தான். அதைச் சொல்லவில்லை.

"அந்தப் படகுல வந்தது நான்தான்" என்றார் வேலாப்போடி, பாக்கைக் குதப்பிக்கொண்டு. "படுவான்கரையில எருமைப் பட்டி பாக்கப் போன. வெள்ளம். ரெண்டு நாள் சுணங்கிப் போச்சு. கொஞ்சம் கள்ளும் குடிச்சிருந்தன்."

ஜீவாத்மா பரமாத்மாவை அழைக்கும் பாட்டு என்று நான் புத்தகத்தில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். அந்தப் பரமாத்மா எச்சில் துப்ப எழுந்து போனார்.

பதினொன்றில் ஏழு பாட்டில் கை வைத்திருந்தேன். சகானாவில் ஒரு பாட்டு. எல்லாரும் அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொடுவார்கள். இவருடையது நிஷாதம் வரை போய், நின்று, திரும்பிவிடும். குறை என்று நினைத்து நான் மேலே ஏற்றி வைத்திருந்தேன். "மேல போறதுக்கு அங்க என்ன கிடக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே பாடினார். கரகரத்த குரல். சுருதிப் பெட்டி கிடையாது. நிஷாதத்தில் நின்று, வாசல் வரை வந்து உள்ளே வராமல் போகிறவரைப் போல அந்தப் பாட்டு திரும்பியபோது, என் கையில் பென்சில் அப்படியே இருந்தது. நாற்பது வருஷம் சகானா கேட்டிருக்கிறேன். அது அவ்வளவு தயங்கும் ராகம் என்று எனக்குத் தெரியாது.

"இங்கே உள்ளவர்கள் இதைப் பாடுவதில்லையா?" என்று கேட்டேன்.

"காவடிக்கு உதவாதாம். ஆடுறவன் ஆடிக்கொண்டு போக, பாட்டு நடுவுல நிக்குதாம்."

நான்காம் நாள் நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரவெல்லாம் யோசித்து ஓர் ஏற்பாட்டுடன் எழுந்தேன். ஆராதனைக்கு நோட்டீஸ் அச்சாகிவிட்டது, திருத்தியவனும் நானே. ஆகவே அவரிடம் சொன்னேன்: "அம்மா, மகான் பாடியது என்றால் ஜனங்கள் பக்தியோடு கேட்பார்கள். உயிரோடிருக்கும் ஒரு குடும்பப் பெண் பாடியது என்றால் அலட்சியம் செய்வார்கள். பாட்டு பரவினால் போதாதா? பெயர் இப்படியே இருக்கட்டுமே."

அவர் பதர் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான் சாகல்லையெண்டு உங்களுக்குக் கவலையா தம்பி?"

"இல்லை, இல்லை..."

"ரெண்டு புள்ளை பெத்தன். ரெண்டும் தகப்பன்ட பேரைச் சொல்லித்தான் திரியுதுகள். இந்தப் பாட்டுகள்தான் என்ட பேரைச் சொல்லோணும். அதுகளையும் ஒரு செத்த ஆம்பிளைக்குக் குடுக்கச் சொல்லுறீங்க."

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மத்தியானம் சோறும் தயிரும் வழக்கம்போல வந்தன. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. வேலாப்போடி மட்டும் பக்கத்தில் வந்து குந்தி, "நானும் அவவிட்ட இப்பிடி ஏச்சு வாங்கியிருக்கன். சோறு தந்தா இன்னும் இடம் கிடக்கெண்டு அர்த்தம்" என்று ஆறுதல் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலையில் மழை விட்டது. ரோடு இன்னும் தண்ணீருக்கடியில் இருந்ததால் வாவி வழியாகப் படகில் மட்டக்களப்புக்குப் போவதென்று ஏற்பாடு. வழியனுப்ப இருவரும் துறைக்கு வந்தார்கள். வாவி கலங்கி, கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்து கிடந்தது. எதிரே படுவான்கரைப் பக்கம் மூடுபனி. படகு எங்கே என்று தெரியவில்லை. நின்றோம்.

"பாடுங்க" என்றார் வள்ளிப்பிள்ளை. முந்தின நாளுக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. "ஒருக்காலாவது சரியாப் பாடிப்போட்டுப் போங்க."

பாடினேன். அவர் தொடையில் தாளம் போட்டார். சரணத்தில் "கூப்பிட்டேன்" என்று நிறுத்தினேன். வாய் தானாகப் பரமானந்தத்துக்குப் போயிற்று, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரே ஓர் ஆவர்த்தனம். அது அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கரையில் மோதுவது கேட்டது. அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று, காரணமே இல்லாமல் எனக்கு ஒரு கவலை வந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஓ... வாறன்! கத்தாதீங்க, வாறன்!"

வேலாப்போடி கைகொட்டிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வள்ளிப்பிள்ளை சிரிக்கவில்லை, தாளத்தையும் விடவில்லை. அடுத்த அடிக்குக் கண்ணைக் காட்டினார். சரியான இடத்தில் எடுத்தேன். பாட்டு முடியும்போது படகு கரையைத் தட்டியது.

படகில் ஏறுமுன் புத்தகத்தைக் கிழித்தேன் என்றால் நன்றாக இருக்கும். அவ்வளவு வீரம் என்னிடம் இல்லை. பென்சிலை எடுத்து முகப்புப் பக்கத்தில் 'மகிழூர் வள்ளிப்பிள்ளை' என்று எழுதி அவரிடம் காட்டினேன். அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். "ஸ்வரம் எழுதின அந்த மனிசன்ட பேரையும் கீழ போடுங்க" என்றார். தம்மை இருபது வருஷம் காக்க வைத்தவர் பெயரை அவரே சொல்லி எழுத வைத்தார்.

சென்னையில் காரியதரிசியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எருமை வைத்திருக்கும் ஒரு அம்மாளுக்கு எப்படி ஐயா ஆராதனை நடத்துவது?" என்றார். நடத்த வேண்டாம், பாடினால் போதும் என்றேன். குறித்த நாளில் மேடையேறி, நடந்ததை எல்லாம் சொன்னேன், பரமானந்தம் உட்பட. பாதிப் பேர் எழுந்து போனார்கள். மகானைக் கொன்றுவிட்டதாக ஒரு பெரியவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த வருஷம் சபை என்னை அழைக்கவில்லை. நல்லதாயிற்று, சென்னையின் மேடைகளுக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

ஆனால் அன்று எழுந்து போகாதவர்களில் ஒரு பாடகி இருந்தார். திருத்திய ஸ்வரத்தை, அதாவது என் திருத்தங்களை நீக்கிய ஸ்வரத்தை, அவர் என்னிடம் வாங்கிக்கொண்டு போய்க் கச்சேரியில் பாடினார். "கூப்பிட்டேன்" என்று அவர் நிறுத்தியதும், அவருக்குத்தான் மறந்துவிட்டது என்று மிருதங்கக்காரர் பெருந்தன்மையோடு ஒரு தீர்மானத்தை வாசித்து நிரப்பினார். இரண்டாம் கச்சேரிக்கு அவரிடம் முன்னமே சொல்லி வைத்தார்கள். அன்று நான் பின்வரிசையில் இருந்தேன். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கொட்டகையில் ஒரு விசிறி கூட அசையவில்லை.

புதிய பதிப்பை மகிழூருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

"தம்பிக்கு. புத்தகம் கிடைச்சுது. பேர் சரியாக் கிடக்கு. இவரு எழுத்துக்கூட்டி ரெண்டு தரம் வாசிச்சாரு, புறகு எதிர்வீட்டுக்காரனுக்கும் கொண்டுபோய்க் காட்டினாரு. நாலாம் பாட்டுல ஒரு காந்தாரம் பிழை, அடுத்த முறை பாருங்க. மறுகா புதுசா மூண்டு பாட்டுக் கட்டியிருக்கன். வெள்ளம் வத்தினாப் புறகு வந்து எழுதிக்கொண்டு போங்க. எழுதினாப் போதும். பாட வேணாம்."